துளை போட்டு போல்ட் சொருகி மரம் ஏறுறது, மான் வேட்டைக்கு

இங்க அமெரிக்காவுல மிச்சிகன் ஸ்டேட்ல அக்டோபர் 1 ஆனா வில் சீசன் ஆரம்பிச்சிடும், நவம்பர் 15ல துப்பாக்கி சீசன். எனக்குத் தெரிஞ்ச நம்ம தமிழ் ஆளுங்களே நாலஞ்சு பேர் லைசென்ஸ் எடுத்து வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போறாங்க, வருஷா வருஷம் செப்டம்பர் வந்தா யாராவது ஒருத்தர் போன் பண்ணி "அண்ணே, போல்ட் சொருகி மரம் ஏறுவீங்களே, அது எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்கண்ணே"ன்னு கேப்பாங்க. போன்ல அரைகுறையா சொல்லி, அதை நம்பி ஒருத்தர் 20 அடி மேல ஏறிட்டு நின்னா எனக்கு மனசு அடிச்சுக்குது. அதான் உக்காந்து முழுசா எழுதுறேன். ஊர்லேர்ந்து படிக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடுறேன், இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், இது இங்க அமெரிக்காவுல லைசென்ஸும், சுட்ட மான்ல கட்டுற டேகும் வாங்கி சட்டப்படி செய்யுற வேட்டைக்கான விஷயம் மட்டும்தான்.

மரத்து மேல உக்காந்து மானுக்காகக் காத்திருக்கத்தான் இப்படி ஏறுறது. முறை என்னன்னா ரொம்ப சிம்பிள். மரத்துல கை டிரில்ல ஒரு துளை போடுறோம், அதுல ஒரு கெட்டியான போல்ட்டை கையாலயே சொருகுறோம், அதுமேல கால் வெச்சு அடுத்த துளை போடுறோம், இப்படியே மேல போறோம். வேட்டை முடிஞ்சு இறங்கும்போது ஒவ்வொரு போல்ட்டா உருவிட்டு வந்துடுறோம், மரத்துல வெறும் துளை மட்டும்தான் இருக்கும். அடுத்த தடவை வந்தா டிரில்லே வேண்டாம், துளை ரெடியா இருக்கு, போல்ட்டை சொருகிட்டு சத்தமே இல்லாம அஞ்சு நிமிஷத்துல ஏறிடலாம். நாம இல்லாத நேரத்துல வேற யாரும் அந்த மரத்துல ஏற முடியாது, ஏறுற ஸ்டிக், உக்கார்ற ஸ்டாண்டுன்னு எதையும் காட்டுல விட்டுட்டு வர வேண்டியதில்ல, திருட்டு பயமும் இல்ல. ஒரு பை போல்ட் இருந்தா பத்து மரத்துக்குப் போதும், இதுக்காகத்தான் ஆளுங்க இதை விரும்புறாங்க.

ஆனா டிரில்லைத் தொடுறதுக்கு முன்னாடி நிலம் யாருதுன்னு பாருங்க. மிச்சிகன்ல பொது நிலத்துல மரப்பட்டையைத் துளைக்கிற எதுவும் கூடாது, ஸ்க்ரூ வெச்ச ஸ்டெப், ஆணி, போல்ட் எல்லாமே அதுல அடக்கம். பென்சில்வேனியா ஸ்டேட் கேம் லேண்ட்லயும் மரத்தைச் சேதப்படுத்தக்கூடாது, நேஷனல் ஃபாரஸ்ட்லயும் மரத்தைச் சேதப்படுத்துறது ஃபெடரல் குற்றம். வேற ஸ்டேட்ல இருக்கீங்கன்னா அந்த வருஷத்து வேட்டை ரூல் புக்கை எடுத்து படிச்சுக்கோங்க. பொது நிலம்னா நாடா கட்டி ஏறுற ஸ்டிக் இருக்கு, மரத்தைப் பிடிச்சுக்கிட்டே ஏறுற கிளைம்பர் ஸ்டாண்டு இருக்கு, அதுல ஏறுங்க, இந்த முறை அங்க வேண்டவே வேண்டாம்.

தனியார் நிலம்னாலும் "வேட்டைக்கு வரலாம்"னு ஓனர் சொன்னது "மரத்துல துளை போடலாம்"ங்கிறதுக்கு பர்மிஷன் கிடையாது. இது ரெண்டும் வேற வேற. நான் போற பண்ணையோட ஓனருக்கு எழுபது வயசுக்கு மேல, அவர்கிட்ட முதல் வருஷமே ஒரு போல்ட்டையும் டிரில்லையும் எடுத்துட்டுப் போய் கையில குடுத்து காட்டினேன், எந்தெந்த மரம்னு கூட்டிட்டுப் போய் காட்டச் சொன்னார், காட்டினேன். ரெண்டு மரத்தை வேண்டாம்னுட்டார், ஒண்ணு பிளாக் வால்நட், இன்னொண்ணு நல்லா நேரா வளர்ந்த வெள்ளை ஓக். ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது, மரத்தோட அடித்துண்டு, தரையிலேர்ந்து முதல் பத்துப் பதினாறு அடி இருக்கே, அதுதான் மரத்துலயே விலை அதிகம், வெனீருக்கு, அதாவது மெல்லிசா சீவி பலகை மேல ஒட்டுற மரத்தகடுக்கு, போகும். நாம துளை போடுறது சரியா அந்த இடத்துலதான். வால்நட், செர்ரி, வெள்ளை ஓக் நேரா கிளையில்லாம நின்னா அது ஒரு குடும்பத்தோட சேமிப்புன்னு நினைச்சுக்கோங்க, பக்கத்துலயே வளைஞ்சு நிக்கிற ஒரு சிவப்பு மேப்பிள் இருக்கும், அதுல ஏறுங்க, மானுக்கு வித்தியாசம் தெரியாது.

இப்ப மரம். எல்லாரும் என்ன போல்ட் வாங்கணும்னுதான் முதல்ல கேக்குறாங்க, என்ன மரம்னு யாரும் கேக்கிறதில்ல. உங்களைத் தாங்குறது கடைசில அந்த துளையைச் சுத்தி இருக்கிற மூணு இன்ச் மரம்தான். அதனால உயிருள்ள மரம், நல்ல ஆரோக்கியமான மரம், இது முதல் கண்டிஷன். செத்த மரத்துல ஏறாதீங்க, பாதி செத்ததுலயும் ஏறாதீங்க. அதுலயும் ஆஷ் மரத்தைப் பத்தி தனியா சொல்லணும், எமரால்ட் ஆஷ் போரர்னு ஒரு பச்சை வண்டு, 2002ல டெட்ராய்ட் பக்கம்தான் இதை முதல்ல கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் கோடிக்கணக்குல ஆஷ் மரம் செத்துப்போச்சு, மிச்சிகன் காட்டுல எங்க பாத்தாலும் நின்னபடியே செத்த ஆஷ் இருக்கு. செத்த ஆஷ் சீக்கிரமே மொறுமொறுன்னு ஆயிடும், பாக்க கம்பீரமா நிக்கும், மேல ஏறி உலுக்கினா உச்சியே ஒடிஞ்சு விழும். பட்டைல வைர வடிவத்துல கோடு கோடா வர்றதுதான் ஆஷோட அடையாளம், அந்தப் பட்டை உரிஞ்சு வெளுத்து கிடந்தா கிட்டயே போகாதீங்க, பக்கத்து மரத்துல ஏறுறதுக்கும் முன்னாடி அண்ணாந்து பாருங்க, செத்த ஆஷ் கிளை உங்க தலைக்கு மேல தொங்குதான்னு.

தடிமன் நெஞ்சு உயரத்துல குறுக்களவு 10லேர்ந்து 18 இன்ச் இருந்தா வசதி. அதைவிட ஒல்லின்னா துளையே மரத்துக்கு பாரமாயிடும், காத்துல ஆடவும் செய்யும். அதைவிட பருமன்னா இடுப்புக் கயித்தை சுத்திப் போட்டு மேல தள்ளுறது கஷ்டம். அடில காளான் முளைச்சிருந்தாலோ, தண்டுல நீளமா வெடிப்பு இருந்தாலோ, தட்டினா டொப்புடொப்புனு காலியா சத்தம் வந்தாலோ அந்த மரம் வேண்டாம். டிரில் பண்ணும்போது வர்ற தூளையும் கவனிங்க, வெள்ளையா ஈரமா சுருள் சுருளா வந்தா நல்ல மரம், பழுப்பா மாவு மாதிரி வந்தா, இல்ல டிரில் திடீர்னு வெண்ணெய்ல போற மாதிரி உள்ள போச்சுன்னா உள்ள அழுகியிருக்கு, அந்த நிமிஷமே இறங்கிடுங்க. "இன்னும் ரெண்டே ரெண்டு ஸ்டெப்தானே"ன்னு மேல போகாதீங்க.

மரத்துக்கு இதால என்ன ஆகும்னு நிறைய பேர் கேக்கிறாங்க, நியாயமான கேள்வி. அலெக்ஸ் ஷிகோன்னு அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான மரத்தை நீளவாக்குல அறுத்துப் பாத்தவர், 1977ல அவர் விளக்கமா எழுதி வெச்சது இதுதான்: மரத்துக்கு நம்ம தோல் மாதிரி காயம் ஆறாது, காயத்தைச் சுத்தி சுவர் கட்டி அதை உள்ளயே பூட்டிடும், வெளில புது மரம் வளர்ந்து மூடிக்கும். அந்த சுவர்கள்ல ரொம்ப பலவீனமானது மேலயும் கீழயும் பரவுறதைத் தடுக்கிற சுவர். அதனாலதான் ஒரே நேர்கோட்டுல ஒண்ணுக்கு மேல ஒண்ணா துளை போடக்கூடாது, ஒரு துளைல ஆரம்பிச்ச கறை நாரோட ஓட்டத்துல மேல போய் அடுத்த துளையோட சேந்துக்கும். இடது வலதுன்னு மாத்தி மாத்தி போட்டா காலுக்கும் வசதி, மரத்துக்கும் நல்லது. இந்த சுவர் கட்டுற திறமை எல்லா மரத்துக்கும் ஒண்ணு போல கிடையாது, ஓக் நல்லா கட்டும், பர்ச், ஆஸ்பன், வில்லோ, காட்டன்வுட் எல்லாம் சரியா கட்டாது, சீக்கிரம் அழுகும், அதுங்களை விட்டுடுங்க.

சுகர் மேப்பிள் வெச்சிருக்கிறவங்க வருஷா வருஷம் பிப்ரவரி மார்ச்ல சாறு எடுத்து சிரப் காய்ச்ச மரத்துல துளை போடுறாங்க, 5/16 இன்ச் அகலம், ஒண்ணரைலேர்ந்து ரெண்டு இன்ச் ஆழம், போன வருஷ துளைலேர்ந்து தள்ளித்தான் புதுசு போடுவாங்க, மரம் பல வருஷம் நல்லாவே இருக்கு. நம்ம துளை அதைவிட கொஞ்சம் பெருசு, ஆழம் ஜாஸ்தி, எண்ணிக்கையும் ஜாஸ்தி, ஆனா வருஷா வருஷம் புதுசா போடுறதில்ல. ஒரு மரத்துல ஒரு செட் போட்டா அதோட நிறுத்திக்கோங்க. சிரப் எடுக்கிற தோப்புல மட்டும் கேக்கவே கேக்காதீங்க, அது அவங்க பொழப்பு.

ஓக்ல துளை போடுறதுக்கு காலம் பாக்கணும், இது ரொம்ப முக்கியம். ஓக் வில்ட்னு ஒரு பூஞ்சை நோய், சிவப்பு ஓக் வகைக்கு வந்துடுச்சுன்னா சில வாரத்துலயே மொத்த மரமும் காஞ்சு போயிடும், வேர் வழியா பக்கத்து மரத்துக்கும் போகும். பசுங்காயத்தோட வாசனைக்கு சாறு குடிக்க வர்ற சின்ன வண்டுங்கதான் அந்தப் பூஞ்சையை மரத்துக்கு மரம் தூக்கிட்டுப் போகுது. மிச்சிகன்ல ஏப்ரல் 15லேர்ந்து ஜூலை 15 வரை ஓக் மரத்துல எந்தக் காயமும் பண்ணாதீங்கன்னு சொல்றாங்க. அந்த மாசங்கள்ல தெரியாம காயம் பட்டுட்டா உடனே பெயிண்ட் அடிக்கணும், மத்த நேரத்துல பெயிண்ட், மெழுகு, குச்சி வெச்சு அடைக்கிறது எதுவும் தேவையில்ல, அதால அழுகல் நிக்காது. நான் எல்லா மரத்துக்கும் சீசன் முடிஞ்சப்புறம் பிப்ரவரி, மார்ச் ஆரம்பத்துல போய் துளை போட்டுடுவேன். இலை இல்லாததால மான் தடம், கொம்பு தேய்ச்ச மரம் எல்லாம் பளிச்சுனு தெரியும், நாம சத்தம் போட்டாலும் அக்டோபருக்குள்ள மான் மறந்துடும், வண்டும் இருக்காது.

சரி, இப்ப போல்ட். இதுல என் அனுபவத்தை ஒண்ணு சொல்லணும். முதல் வருஷம் பக்கத்துல ஒரு கடைல டப்பால குவிச்சு வெச்சிருந்த 3/8 இன்ச் போல்ட்டை வாங்கினேன், தலைல எந்தக் கோடும் இல்ல, அப்ப அதுக்கு அர்த்தம் தெரியாது எனக்கு. பன்னெண்டு அடி உயரத்துல ஒரு கால்ல மொத்த பாரத்தையும் போட்டு எக்கினப்ப காலுக்குக் கீழ போல்ட் மெதுவா கீழ்நோக்கி வளையுறது பூட்ஸ் வழியா தெரிஞ்சுது. பூட்ஸ் வழுக்கிடுச்சு, இடுப்புக் கயிறு இழுத்துப் பிடிச்சதால நெஞ்சு மரத்துல உரசினதோட போச்சு. கயிறு இல்லாம ஏறியிருந்தா இதை நான் எழுதிட்டு இருக்க மாட்டேன்.

போல்ட் தலைல இருக்கிற கோட்டைப் பாருங்க. கோடே இல்லைன்னா கிரேடு 2, வேண்டாம். மூணு கோடு இருந்தா கிரேடு 5, ஆறு கோடு இருந்தா கிரேடு 8. கணக்கு போட்டுப் பாத்தா ஏன்னு புரியும். 200 பவுண்டு ஆள், அதாவது துணி, சாமானோட சேத்து ஒரு 90 கிலோ, மரத்துலேர்ந்து 3 இன்ச் தள்ளி நுனில மிதிச்சா, 3/8 இன்ச் கம்பில சதுர இன்ச்சுக்கு கிட்டத்தட்ட 1,16,000 பவுண்டு வளைவு அழுத்தம் வருது. கிரேடு 5 எஃகு 92,000லயே நிரந்தரமா வளைய ஆரம்பிச்சிடும், கிரேடு 8 1,30,000 வரை தாங்கும். அப்ப 3/8ல கிரேடு 5 போதாது, கிரேடு 8ன்னாலும் மிச்சம் ரொம்ப கம்மி, மெதுவா மிதிக்காம எம்பி குதிச்சா அந்த மிச்சமும் போச்சு. அதே கால், அதே 3 இன்ச், 1/2 இன்ச் கம்பின்னா அழுத்தம் 49,000தான். விட்டம் எட்டுல ஒரு பங்கு இன்ச்தான் கூடுது, வளைவு அழுத்தம் பாதிக்கும் கீழ வந்துடுது பாருங்க.

இந்த கணக்கைப் போட்ட நாள்லேர்ந்து நான் 1/2 இன்ச், 6 இன்ச் நீளம், கிரேடு 8தான். பாரம் கூடும், உண்மைதான், 3/8 ஒண்ணு 100 கிராம் இருக்கும், 1/2 இன்ச் ஒண்ணு 175 கிராம் பக்கம் வரும், பதினஞ்சு போல்ட்டுக்கு ஒரு கிலோ கூடுதலா தூக்கணும். தூக்கலாம். ஒல்லியான ஆளுங்க, 65 கிலோக்குள்ள இருக்கிறவங்க 3/8 கிரேடு 8ல ஏறுறாங்க, அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா என்னைக் கேட்டா 1/2தான். கிரேடு 8 கண்ணாடி மாதிரி பட்டுனு உடைஞ்சிடும்னு ஒரு பேச்சு இருக்கு, அப்படி இல்ல, அதுவும் வளைஞ்சுதான் உடையும், கிரேடு 5 வளையுற பாரத்துல இது நிமிர்ந்து நிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொண்ணு, முழு நீளத்துக்கும் மரை ஓடுற போல்ட் வாங்காதீங்க. நுனில மட்டும் மரை, மீதி வழவழ கம்பியா இருக்கிறதா வாங்குங்க. 6 இன்ச் போல்ட்ல நுனில ஒண்ணேகால் இன்ச்தான் மரை இருக்கும், அது மரத்துக்குள்ள ஆழத்துல போயிடும். ரொம்ப பாரம் விழுற இடம் போல்ட் மரத்தை விட்டு வெளில வர்ற அந்த விளிம்பு, அங்க முழுக்கம்பி இருக்கணும், மரை வெட்டு இருந்தா கம்பி அந்த இடத்துல ஒல்லியாயிடுது, விரிசலும் அந்த வெட்டுலதான் ஆரம்பிக்கும். வெளில நீட்டிட்டு இருக்கிற பகுதிக்கு எலக்ட்ரிக் வேலைக்கு வாங்குற ஹீட் ஷ்ரிங்க் டியூப்பைப் போட்டு சூடு காட்டிட்டீங்கன்னா பூட்ஸ் வழுக்காது, ஒண்ணோட ஒண்ணு இடிச்சு கிளிங்குனு சத்தம் வராது. மான் அந்த சத்தத்தை நூறு அடிக்கு அப்பாலேயே கேட்டுடும். போல்ட் தலையை வெட்டிடாதீங்க, பூட்ஸ் வெளிப்பக்கம் சறுக்காம நிறுத்துறது அந்த தலைதான்.

டிரில்லுக்கு கையால சுத்துறதுதான் நான் எப்பவும் எடுப்பேன், நுனில திருகு வெச்ச ஆகர் பிட், போல்ட் அளவே பிட் அளவு, 1/2க்கு 1/2. அந்த திருகு நுனி மரத்தைப் பிடிச்சு தானா உள்ள இழுக்கும், நாம நெஞ்சால அழுத்த வேண்டியதில்ல. பேட்டரி டிரில் வேகம், பிப்ரவரில போடுறதா இருந்தா அதையே எடுத்துட்டுப் போகலாம், ஆனா 1/2 இன்ச் ஆகர் ஈர மரத்துல சிக்கிக்கிட்டா டிரில் சுழன்டு மணிக்கட்டைத் திருப்பிடும், மேல தொங்கிட்டு இருக்கிறப்ப அது நல்லதில்ல, அதனால குறைஞ்ச கியர்ல வெச்சுக்கோங்க. முதல்ல வீட்டுல ஒரு பச்சைக் கட்டைல துளை போட்டு போல்ட்டை சொருகிப் பாருங்க, கையால திருகித் தள்ளினா போகணும், ஆட்டினா ஆடக்கூடாது.

ஆழம் எவ்வளவுன்னா பட்டையைக் கழிச்சு மரத்துக்குள்ள 2 1/2லேர்ந்து 3 இன்ச். இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, பட்டை எதையும் தாங்காது. மேப்பிள், பீச்ல பட்டை மெலிசு, ஓக்ல ஒரு இன்ச் கூட இருக்கும், ஷாக்பார்க் ஹிக்கரில தகடு தகடா தொங்கிட்டு இருக்கும், அது கால் பட்டா சத்தமும் போடும். தடிச்ச பட்டைன்னா 7 இன்ச் போல்ட் எடுங்க. பிட்ல அளவு வெச்சு கலர் டேப் சுத்திட்டா எல்லா துளையும் ஒரே ஆழம் வரும், வெளில 3 இன்ச்சுக்கு மேல நீட்டிட்டு இருக்கக்கூடாது, மேல சொன்ன கணக்கு அந்த 3 இன்ச்சுக்குத்தான்.

கோணம் ரெண்டு விதத்துல பாக்கணும். ஒண்ணு, பிட் மரத்தோட நடுவைப் பாத்து போகணும், ஓரமா சாய்ச்சு போட்டீங்கன்னா ஒரு பக்கம் மெல்லிசா மரம் நின்னு பிளந்துக்கும். ரெண்டு, துளை உள்ள போகப்போக லேசா கீழ இறங்கணும், ஒரு அஞ்சு டிகிரி, மிஞ்சினா பத்து. அப்பதான் போல்ட் வெளிநுனி லேசா மேல தூக்கி நிக்கும், மிதிக்கும்போது கால் மரத்தை நோக்கித்தான் சறுக்கும், போல்ட்டும் உருவிட்டு வராது. ரொம்ப சாய்ச்சுட்டா துளைல மழைத்தண்ணி தேங்கும், அதனால கொஞ்சம் போதும். தட்டையாவோ வெளிப்பக்கம் கீழ சாஞ்சோ ஒரு துளை வந்துட்டா அதை விட்டுட்டு ரெண்டு இன்ச் பக்கவாட்டுல தள்ளி வேற போடுங்க, "பரவால்ல"ன்னு அதுல கால் வைக்காதீங்க.

ஏறுறதுக்கு முன்னாடி உடம்பு முழுக்க மாட்டுற ஹார்னஸ், இல்ல சேடில் (இடுப்புல மாட்டிக்கிட்டு மரத்துல சாஞ்சு தொங்குற இருக்கை) வெச்சு வேட்டையாடுறவங்கன்னா சேடில், அதோட மரத்தைச் சுத்திப் போடுற லைன்மேன் கயிறு, மேல சொன்ன இடுப்புக் கயிறு இதுதான். கால் தரையை விட்டு எழும்புற நேரத்துலேர்ந்து திரும்ப தரையைத் தொடுற வரைக்கும் ஏதாவது ஒரு கயிறு உங்களையும் மரத்தையும் சேத்துக் கட்டியிருக்கணும், நடுவுல ஒரு செகண்ட் கூட விடக்கூடாது. எங்க ஊர் பக்கம் பனையேறிங்க தளைநாரைக் கால்ல மாட்டிக்கிட்டு ஏறுறதைச் சின்ன வயசுல பாத்திருக்கேன், தினம் அம்பது மரம் ஏறுற கை அது, நமக்கு அந்தக் கையும் இல்ல காலும் இல்ல, வருஷத்துல இருபது நாள்தான் ஏறுறோம், அதனால கயித்தை நம்புங்க.

முதல் போல்ட் முட்டிக்குக் கொஞ்சம் கீழ, ஒரு 18 இன்ச் உயரத்துல. அடுத்தது 15, 16 இன்ச் மேல, மரத்தைச் சுத்தி கொஞ்சம் தள்ளி. இடைவெளியைக் கூட்டி போல்ட்டை மிச்சம் பிடிக்கணும்னு தோணும், வேண்டாம், டிசம்பர்ல நாலு அடுக்கு துணி போட்டுக்கிட்டு முட்டி மடங்காது, இருட்டுல இறங்கும்போது கால் அடுத்த படியைத் தேடித் துழாவும், அப்ப அந்த ரெண்டு இன்ச் பெருசா தெரியும். 18 அடி ஏற பதிமூணு பதினாலு போல்ட் ஆகும். ரெண்டு கால்லயும் நின்னுக்கிட்டு லைன்மேன் கயித்துல சாஞ்சு, ரெண்டு கையும் ஃப்ரீயா வெச்சுக்கிட்டு, முகத்துக்கு நேரா இருக்கிற துளையைப் போடுங்க, தலைக்கு மேல எட்டிப் போடாதீங்க, கோணம் தப்பா வரும். சொருகினதும் கையால பலமா கீழ இழுத்துப் பாருங்க, அப்புறம் பாதி பாரம், அப்புறம் முழு பாரம். கால் வைக்கும்போது பூட்ஸோட நடுப்பகுதி, மரத்தை ஒட்டி. கிளை வந்துடுச்சுன்னா லைன்மேன் கயித்தைக் கழட்டி மேல போடணும் இல்லையா, அதுக்கு முன்னாடி ரெண்டாவது கயிறு ஒண்ணை கிளைக்கு மேல கட்டிட்டுத்தான் முதலாவதைக் கழட்டணும்.

மேல போனதும் ஸ்டாண்டுக்கோ பிளாட்ஃபார்முக்கோ மாறுற அந்த ஒரு அடிதான் மொத்த ஏற்றத்துலயும் ஆபத்தான இடம். கடைசி ரெண்டு மூணு போல்ட்டை பிளாட்ஃபார்முக்கும் மேல போகும்படி போடுங்க, அப்பதான் மேலேர்ந்து கீழ இறங்கி பிளாட்ஃபார்ம்ல நிக்கலாம், கீழேர்ந்து எக்கி ஏற வேண்டியிருக்காது. சேடில்காரங்க மேல ஒரே உயரத்துல அஞ்சாறு போல்ட்டை வட்டமா போட்டு அதுமேலயே நின்னுப்பாங்க, மரத்தைச் சுத்தி எந்தப் பக்கம் மான் வந்தாலும் திரும்பலாம், ஆனா ஒரே வட்டத்துல அத்தனை துளைன்னா மரத்தோட இடுப்பைச் சுத்தி ஓட்டை போட்ட மாதிரி, நான் அந்த போல்ட்டுங்களை ஒரு அடி உயர வித்தியாசத்துல மேலயும் கீழயுமா பரத்திப் போடுவேன். மேல டெதரை, அதாவது உங்களை மரத்தோட கட்டி வைக்கிற கயித்தை, தலைக்கு மேல கட்டி, உக்காந்தா தொய்வே இல்லாத அளவுக்குச் சுருக்கிடுங்க. வில்லையோ குண்டை வெளில எடுத்துட்ட துப்பாக்கியையோ கயிறு கட்டித்தான் மேல இழுக்கணும், முதுகுல மாட்டிட்டு ஏறக்கூடாது. விழுந்து ஹார்னஸ்ல தொங்கினா காலுல ரத்தம் தேங்கி மயக்கம் வந்துடும், ரொம்ப நேரம் தாங்க முடியாது, அதனால கால் வெச்சு நிக்கிறதுக்கு ஒரு நாடா வளையமும் ரெண்டு உபரி போல்ட்டும் இடுப்புப் பைலயே இருக்கணும், போன் நெஞ்சு பாக்கெட்ல. எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு வீட்டுல சொல்லிட்டுப் போங்க. நான் மேப்ல பின் போட்டு வீட்டுக்காரிக்கு அனுப்பிட்டுத்தான் கார்லேர்ந்து இறங்குவேன்.

சீசன் முழுக்க போல்ட்டை மரத்துலயே விடலாமான்னு கேப்பாங்க. விடாதீங்க. ஓக்ல இரும்பு இருந்தா அதுல இருக்கிற டானின் இரும்போட சேந்து நீலக்கருப்பா கறை பிடிக்கும், மரம் கெட்டுப்போகும், வருஷக்கணக்குல விட்டா பட்டை மேல வளர்ந்து போல்ட்டை விழுங்கிடும், பின்னாடி யாராவது அறுக்கும்போது ரம்பத்துல மாட்டும். எடுத்துடுங்க. கடுங்குளிர்ல துளைக்குள்ள ஈரம் உறைஞ்சு போல்ட் வராம அடம்பிடிக்கும், தலைக்கு ஏத்த சின்ன ஸ்பேனர் ஒண்ணு பைல இருந்தா ரெண்டு திருகுல வந்துடும். அடுத்த வருஷம் அதே துளைல சொருகுறதுக்கு முன்னாடி உள்ள எறும்பு, ஈரத்தூள் இருக்கும், பிட்டை விட்டு கையால சுத்திச் சுத்தம் பண்ணுங்க, உள்ள மரம் பஞ்சு மாதிரி ஆயிருந்தா அந்த துளை அவ்வளவுதான். ரெண்டு மூணு வருஷத்துல விளிம்புல புது மரம் வளர்ந்து வாய் சுருங்கும், அதைக் குடைஞ்சு பெருசாக்காதீங்க, மூடிக்கிட்டு வர்ற மரத்தை அப்படியே விட்டுட்டு வேற மரத்துக்குப் போங்க.

இறங்கும்போது ஒவ்வொரு போல்ட்டா உருவி பைல போட்டுட்டே வரணும், பைல தனித்தனி அறை இருக்கிறதா பாத்து வாங்குங்க இல்ல தைச்சுக்கோங்க. ஏறும்போது எத்தனைன்னு எண்ணினீங்களோ தரைல நின்னு டார்ச் அடிச்சு அதே எண்ணிக்கை இருக்கான்னு எண்ணுங்க. ஒரு தடவை எனக்கு பதினாலுக்கு பதிமூணுதான் இருந்துச்சு, மரம் வைக்கோல் வயலோட ஓரத்துல இருந்துச்சு, அந்த கிரேடு 8 போல்ட் புல் வெட்டுற மெஷின்ல மாட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, பிளேடு போறது மட்டுமில்ல, ஓட்டுறவர் மேலயே தெறிக்கும். ராத்திரி எட்டரை வரை தேடிக் கிடைக்கல, மறுநாள் காலைல காந்தம் கட்டின கம்போட போய் இலைச்சருகுக்கு அடிலேர்ந்து எடுத்துட்டு வந்து, ஓனர்கிட்டயும் விஷயத்தைச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அன்னைலேர்ந்து என் போல்ட் தலை எல்லாத்துக்கும் ஆரஞ்சு பெயிண்ட்.